மிச்சிலும் விருந்தும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டிக் கொட்டிவாக்கத்தில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் 'தமிழ் இலக்கியத்தில் விருந்தோம்பல்' என்னும் பொருள் பற்றி உரையாற்றுமாறு என்னைப் பணித்தார்கள். இனிய தலைப்பு, வகுப்பறையில் பதினெட்டு ஆண்டுகளாக நான் பேசிவரும் தலைப்பு. அதனாலேயே அதை மீண்டும் ஒருமுறை பேசிவிட்டு அமர என் மனம் ஒப்பவில்லை. செயலாளரின் இசைவோடு தலைப்பைச் சற்றே திருத்திக் கொண்டேன். விருந்தோம்பலைப் பாடிய இம்மண்ணில் இன்று விருந்துகளில் மிஞ்சும் உணவு எங்கே போகிறது, அதைக் காத்துப் பசித்தோரிடம் சேர்க்கும் தொண்டர்கள் எத்தகையோர், அவர்களிடம் நாம் கற்க வேண்டியது யாது என்பவற்றைப் பேச விழைகிறேன். இலக்கிய மேடைக்கு இது உரிய பொருள்தானா என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு சொல்லில் தொடங்கி அச்சொல்லிலேயே முடிப்பேன்.

அச்சொல் 'மிச்சில்'. திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்திலே இடம்பெறும் சொல் இது. விருந்தினர் உண்டபின் எஞ்சியிருப்பது மிச்சில். அதை உண்பவர் யார்? விருந்தளித்த இல்லத்தார். வள்ளுவர் காட்டும் வீட்டில் முதற்பந்தி வந்தவர்க்கு, கடைப்பந்தி வீட்டார்க்கு. இன்று நம் வழக்கில் மிச்சம் என்பது நாம் உண்டபின் எஞ்சியது. அதை உண்ண வேண்டியவர் பசித்தவர் என்று கொள்கிறோம். சொல்லின் வடிவம் சிறிதே மாறியிருக்கிறது. ஆனால் பந்தியின் வரிசை தலைகீழாகிவிட்டது.

இதனோடு உறவுடைய சொற்கள் இன்னும் உள. 'எச்சம்' என்று ஒரு சொல். இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என்கிறோம். முடிவு பெறாமல், தன்னை முடித்துவைக்கும் ஒரு சொல்லுக்காகக் காத்து நிற்பது எச்சம். அதில் இழிவு ஏதுமில்லை. 'எச்சில்' என்பதோ வாய்பட்டது, தீண்டத்தகாதது என்ற பொருளில் வழங்குகிறது. அடுப்பிலிருந்து இறக்கி, மூடி, எவர் இலையிலும் படாமல் அண்டாவில் இருக்கும் சோறு எச்சமே அன்றி எச்சில் அன்று. ஆயினும் திருமண மண்டபங்களில் கடைசிப் பந்தி எழுந்த மறுகணமே அந்த எச்சம் எச்சிலாக நம் கண்ணுக்குத் தோன்றத் தொடங்குகிறது. அதை எப்படியாவது, யாரிடமாவது கழித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு நம்மைப் பற்றிக்கொள்கிறது. இதைப் பிறர் மேல் ஏற்றிச் சொல்லவில்லை. என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், என் தமையனார் மகளின் திருமண வரவேற்பு இக்கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு மண்டபத்தில் நடந்தது. ஐந்நூறு இலைக்குச் சொல்லியிருந்தோம். மாலையில் பிடித்த மழை விடவில்லை. நகருக்குள்ளிருந்து வரவேண்டியவர்கள் வழியிலேயே திரும்பிவிட்டனர். முந்நூறு பேர்கூட உண்ணவில்லை. கடைசிப் பந்தி எழுந்தபோது இரவு பத்தே முக்கால் மணி. காய்கறிப் பிரியாணி, சாம்பார் சாதம், தயிர் சாதம் எல்லாம் அண்டா அண்டாவாக இருந்தன. தமையனார் தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டார். "கவலைப்படாதீங்க அண்ணா, ஒரு பருக்கையும் வீணாகாது" என்று சொல்லி, மிஞ்சிய உணவைப் பெற்றுச் செல்லும் தொண்டர் குழு ஒன்றின் எண்ணைத் தேடி அழைத்தேன். அப்போது என் குரலில் ஒரு பெருமிதம் இருந்ததை மறைக்க விரும்பவில்லை.

மறுமுனையில் பேசியவள் ஓர் இளம்பெண். "அக்கா, சாப்பாட்டை எத்தனை மணிக்கு அடுப்புலேருந்து இறக்கினாங்க?" என்று கேட்டாள். மாலை ஐந்து மணிக்கு என்றேன். மூடி வைத்திருந்தார்களா, பரிமாறும் மேசையில் திறந்து இருந்ததா என்று கேட்டாள். சட்னியும் தயிர் சாதமும் எங்கே இருந்தன என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க அக்கா. ஆறு மணி நேரம் ஆகப்போகுது. சாத வகை எதையும் எடுத்துக்க முடியாது. இனிப்பும் வெட்டாத பழமும் இருந்தா வந்து வாங்கிக்கிறோம்" என்றாள்.

எனக்குச் சினம் மூண்டது. கொடுக்க முன்வருகிறேன், வேண்டாம் என்கிறாளே என்ற சினம். "ஏம்மா, பசிச்சவங்க இதை வேண்டாம்னா சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"சொல்ல மாட்டாங்க அக்கா. அதனாலதான் அவங்களுக்காக நாங்க சொல்ல வேண்டியிருக்கு" என்றாள்.

அந்த மழையிலும் இரண்டு இளைஞர்கள் ஆட்டோவில் வந்து ஜாங்கிரியையும் வாழைப்பழத் தாரையும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிப் போனார்கள். மண்டபத்தின் பின்புறம் சமையல் உதவியாளர் இருவர் அண்டாவைச் சாய்த்து எல்லாவற்றையும் குழியில் கொட்டினர். அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை எனக்கு இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவியர்க்கு மணிமேகலை வகுப்பு. பாத்திரம் பெற்ற காதை. எப்படி நடத்தினேன் என்று நினைவில்லை.

அப்பெண் மறுத்தது ஏன் என்பதைப் பின்னர்த்தான் அறிந்துகொண்டேன். சமைத்த உணவு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் கிடப்பது தீங்கு என்பது உணவு நூலாரின் பொதுவிதி. நம் சென்னை மண்டபங்களின் சமையற்கட்டில் எந்நேரமும் அந்த வெப்பம்தான். சோற்றிலே வளரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக ஆறிக் கிடக்கையில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அந்நஞ்சு சோற்றை மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. மணத்திலோ சுவையிலோ மாற்றம் தெரியுமுன்பே தீங்கு நேர்ந்துவிடலாம். நல்ல உடல்நலமும் கையில் பணமும் உடைய நமக்கு வயிற்றுக் கோளாறு ஒருநாள் விடுப்போடு போய்விடும். நடைபாதையில் உறங்கும் முதியவருக்கு அது உயிரைக் கொண்டுபோகும். ஆகவே மீட்பது என்பதன் முதற்படி மறுக்கக் கற்பதே.

இங்கே ஔவையின் ஆத்திசூடி நினைவுக்கு வருகிறது. 2017ஆம் ஆண்டு, நமக்கு வடக்கே சிறிது தொலைவில் உள்ள பெசன்ட் நகரில், பல்சீரமைப்பு மருத்துவரான ஐசா ஃபாத்திமா ஜாஸ்மின் பொதுமக்களுக்கெனக் குளிர்பதனப் பெட்டி ஒன்றை வைத்தார். உணவு மிகுந்தவர் அதில் வைக்கலாம், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். அருகே உடைகளுக்கும் புத்தகங்களுக்கும் அடுக்குகள். அத்திட்டத்துக்கு அவர் சூட்டிய பெயர் 'ஐயமிட்டு உண்'. இஸ்லாமியப் பெண்மணி ஒருவர், ஔவை குழந்தைகளுக்குச் சொன்ன சொல்லை எடுத்துக் கடற்கரைப் பேட்டையின் தெருவோரத்தில் ஒரு பெட்டிக்கு இட்டார். ஆத்திசூடிக்கு எத்தனையோ உரைகள் எழுதப்பட்டுள்ளன. செயலால் எழுதப்பட்ட இவ்வுரையை நான் உயர்வாக மதிக்கிறேன்.

அப்பெயரில் உள்ள வரிசையையும் நோக்க வேண்டும். இடுதல் முன்னது, உண்ணுதல் பின்னது. உண்டபின் இடுக என்று ஔவை சொல்லவில்லை. 'ஐயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்பதும் நீங்கள் அறிந்ததே. இரப்போர்க்கு இடுவது ஐயம். மனத்திலே எழும் சந்தேகமும் ஐயம். ஔவை கருதியது முதற்பொருளைத்தான். எனினும் அந்த மழையிரவில் தொலைபேசியில் பேசிய பெண்ணை நினைக்கும்போது, இடுவதற்கு முன் 'இது உண்ணத் தகுந்ததா' என்று ஐயுறுவதும் அறத்தின் பகுதியே என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயமில்லாமல் இடப்படும் ஐயம் சில வேளைகளில் நஞ்சாகிவிடும்.

இனி, இத்தொண்டு எங்ஙனம் இயக்கமாயிற்று என்பதைச் சுருங்கக் காண்போம். 2014ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பத்மநாபன் கோபாலன் என்னும் இளைஞரும் அவர் நண்பர்களும் 'நோ ஃபுட் வேஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினர். திருமண மண்டபங்கள், விடுதிகள், நிறுவனச் சிற்றுண்டிச் சாலைகள் ஆகியவற்றில் மிஞ்சும் உணவைப் பெற்றுப் பசித்தோர் இருக்குமிடம் சேர்ப்பது அதன் பணி. உணவு எங்கே மிஞ்சுகிறது என்பதை அறிவது எளிது. பசி எங்கே இருக்கிறது என்பதை அறிவது அரிது. ஆகவே நகரில் பசித்தோர் வாழும் இடங்களைக் கண்டறிந்து நிலப்படத்தில் குறித்து வைத்துக்கொள்ளும் முறையை அவர்கள் வளர்த்தனர். அவ்வமைப்பு பின்னர்ச் சென்னைக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது. அதே 2014இல் தில்லியில் தொடங்கிய 'ராபின் ஹுட் ஆர்மி' என்னும் தன்னார்வலர் குழு இன்று நாடெங்கும் பரந்திருக்கிறது.

உலகளவில் இதற்கு முன்னோடி உண்டு. 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியை நிறுவினார். அங்காடிகளின் குப்பைத் தொட்டியில் கெடாத உணவைப் பொறுக்கித் தன் பிள்ளைகளை வளர்த்த ஒரு தாய், பணத்துக்கு இருப்பதுபோல உணவுக்கும் ஒரு வங்கி இருக்கலாகாதா என்று கேட்டதே அதற்கு வித்து என்பர். பிரான்சு நாடு 2016இல் ஒரு சட்டம் இயற்றி, பெரிய அங்காடிகள் விற்காத நல்ல உணவை அழிப்பதைத் தடைசெய்தது. நம் நாட்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் உபரி உணவை மீட்டுப் பகிர்வதற்கெனத் தனி விதிமுறைகளை வெளியிட்டது. தருமம் என்று வழங்கிவந்ததற்கு இப்போது பொறுப்பும் கணக்கும் சேர்ந்திருக்கின்றன. இதனால் தருமத்தின் ஈரம் குறைந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. உண்பவர் உயிரைப் பேணும் அக்கறையே விதியாக வடிவெடுத்திருக்கிறது.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்கிறது. நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதே அறிக்கை, உலகில் 78 கோடிக்கு மேற்பட்டோர் பசியால் வாடுவதையும் கூறுகிறது. வீணாவதில் நூற்றுக்கு அறுபது விழுக்காடு வீடுகளில் நிகழ்கிறது என்பது என்னைத் திடுக்கிட வைத்தது. நாம் மண்டபங்களையும் விடுதிகளையும் குறைகூறிக்கொண்டிருக்கிறோம். பெரும்பங்கு நம் சமையலறைத் தொட்டியில் இருக்கிறது.

நம் விருந்துகளில் மட்டும் இத்தனை மிஞ்சுவது ஏன்? ஊதாரித்தனம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதன் வேர் நம் பண்பாட்டில் இருக்கிறது. கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்றால் அக்குடும்பத்துக்கு அது தலைமுறைக்கும் மாறாத பழி. 'அந்தக் கல்யாணத்திலே சோறு பற்றவில்லை' என்ற பேச்சு பெண் பிள்ளை பெற்று, பேரன் எடுத்த பின்னும் நிற்கும். பத்து அண்டா கொட்டப்பட்டது என்றால் அதை எவரும் பழியாகப் பேசுவதில்லை. சமையல் ஒப்பந்தக்காரர் இதை நன்கறிவார். ஆகவே சொன்ன இலைக் கணக்குக்கு மேலும் கொஞ்சம் கூட்டியே அடுப்பேற்றுவார். குறைவுக்கு நாணும் நாம் மிகைக்கு நாணக் கற்கவில்லை. விருந்தோம்பல் என்னும் பெரும்பண்பே இவ்விரயத்துக்குத் தாயாகவும் இருக்கிறது. இதைச் சொல்வது எனக்கு எளிதன்று. அப்பண்பைப் போற்றிப் பாடம் சொல்லியே நான் சம்பளம் வாங்குகிறேன்.

இப்போது காப்பியத்துக்கு வருகிறேன். மணிமேகலை என்றதும் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியே நம் நினைவுக்கு வருகிறது. அது ஆபுத்திரன் கைக்கு வருமுன், அவன் கையில் இருந்தது வெறும் பிச்சைப் பாத்திரம் என்பதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். ஊராரால் ஒதுக்கப்பட்ட அவன் மதுரைக்கு வந்து, செல்வர் மனைதோறும் சென்று உணவு ஏற்றான். அதை அம்பலத்துக்குக் கொணர்ந்து, கண்ணிழந்தோர், செவியிழந்தோர், கால் முடங்கியோர், காப்பாரற்றோர், நோயுற்றோர் ஆகியோரைக் கூவியழைத்து ஊட்டினான். அவர்கள் உண்டு எஞ்சியதையே தான் உண்டான். ஓட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். உணவு மிகுந்த இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குக் கொண்டுசேர்த்த முதல் தொண்டன் என்று அவனை நான் சொல்வேன். மிச்சிலை உண்டவன் கொடுத்தவனே என்பதையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சாத்தனாரும் வள்ளுவரும் பந்தியின் வரிசையில் ஒருமித்திருக்கிறார்கள்.

பின்பு மழை பெய்யும் ஒரு நள்ளிரவில் பசித்தோர் சிலர் வந்து அவனை எழுப்புகிறார்கள். அவனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. அந்தத் துயரத்தின் உச்சியில்தான் சிந்தாதேவி தோன்றி அமுதசுரபியைத் தருகிறாள். நம் தொண்டர்களுக்கும் அந்த நள்ளிரவு வந்ததுண்டு. 2020ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தின்போது மண்டபங்கள் மூடப்பட்டன, விடுதிகள் மூடப்பட்டன. பசி பெருகிய அதே நாளில் மிச்சம் அற்றுப்போயிற்று. மிஞ்சியதைக் கொண்டு பசியாற்றும் முறைக்கு இயற்கையாக உள்ள எல்லை இது. பிறர் அடுப்பு எரிந்தால்தான் இப்பாத்திரம் நிறையும். பல குழுவினர் தாமே அடுப்பு மூட்டிச் சமைத்து வழங்கினர். எந்தத் தேவதையும் தோன்றவில்லை. அரிசி மூட்டைக்கு ஆள் பிடித்தார்கள், அவ்வளவுதான்.

எனவே, மிச்சில் மட்டுமே ஒரு நாட்டின் பசியை ஆற்றிவிடும் என்று எவரும் மயங்கலாகாது. அணையா அடுப்பு வேண்டும். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டினார். அது அணையாமல் எரிகிறது. இச்சென்னையில் 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கத் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு மாநிலத்துக்கு விரிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் அது சத்துணவாயிற்று. 2013இல் சென்னை மாநகராட்சி மலிவு விலை அம்மா உணவகங்களைத் திறந்தது. 2022இல் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. கட்சி எதுவாயினும், நூறாண்டாக இம்மண் ஒரு கருத்தை விடாமல் பற்றியிருக்கிறது: குழந்தையின் பசி அரசின் கடமை. காப்பியமும் அவ்வழியே செல்கிறது. அமுதசுரபியைக் கையில் வைத்திருந்த மணிமேகலை, சோழ மன்னனிடம் பொன்னோ பொருளோ கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரக் கேட்டாள். தனியொருத்தியின் கைப்பாத்திரம் அரசின் அறமாக மாறிய இடம் அது.

ஆபுத்திரன் கதையில் எனக்கு அச்சமூட்டும் பகுதி ஒன்றுண்டு. இந்திரன் மழைபொழிவிக்க, பாண்டிநாடு செழிக்கிறது. இரப்போர் எவருமில்லை. பாத்திரம் கையில் இருக்க, கொடுக்க ஆளில்லாமல் ஆபுத்திரன் ஊர் ஊராக அலைகிறான். கடைசியில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் துறக்கிறான். அவன் நெஞ்சம் தூயது, ஐயமில்லை. ஆயினும் இப்பகுதியை நான் இப்படியும் வாசிப்பதுண்டு: கொடுப்பதிலே ஊன்றிவிட்டவருக்குப் பசித்தவர் தேவைப்படத் தொடங்கிவிடக்கூடும். தன் கொடைக்குப் பாத்திரமாக இன்னொருவர் வறுமையை நாடும் நிலை அது. அன்று தொலைபேசியில் நான் இருந்த நிலையும் அதுவே. எனக்கு என் சோற்றைக் கொடுத்தாக வேண்டும். வாங்குபவர் யார், அவருக்கு என்ன ஆகும் என்பது என் கவலையாக இல்லை. நல்ல தொண்டர்கள் தம் பாத்திரத்துக்கு வேலையில்லாத நாளை விரும்புகிறார்கள். மண்டபத்தில் மிஞ்சாத நாளும், தெருவில் பசிக்காத நாளும் வந்தால் அவர்கள் மகிழ்வோடு வீட்டுக்குப் போவார்கள்.

இறுதியாக, நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். மழையிரவு நிகழ்ச்சிக்குப் பின் அடுத்த தையில், அப்பெண்ணையே மீண்டும் அழைத்து, ஒருநாள் உங்களோடு வரலாமா என்று கேட்டேன். ஒரு முகூர்த்த நாள் நண்பகல். காலை பதினொரு மணிக்கே சமையற்காரரிடம் பேசி, எத்தனை பேர் உண்பர், எவ்வளவு மிஞ்சலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள். கடைசிப் பந்தி எழுமுன்பே போய்ச் சேர்ந்தோம். பரிமாறும் வாளிகளில் இருந்ததை அவர்கள் தொடவில்லை. சமையற்கட்டில் மூடியிருந்த அண்டாக்களை மட்டும் பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து முகர்ந்து, சுவைத்து, தேங்காய்ச் சட்னியை விலக்கினார்கள். தாம் கொண்டுவந்த எவர்சில்வர் பாத்திரங்களில் நிரப்பி மூடினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் இறக்கினார்கள். அங்கே பாய் விரித்து, தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டே பரிமாறினார்கள். நின்றுகொண்டு கையேந்தி வாங்க எவரையும் விடவில்லை.

எழுபது வயது மதிக்கத்தக்க மூதாட்டி ஒருவர் முதற்கவளத்தை எடுக்குமுன் என்னைப் பார்த்து, "யார் வீட்டுக் கல்யாணம் தாயி?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அப்பெண்தான் மணமக்கள் பெயரைச் சொன்னாள். அதையும் கேட்டு வைத்திருந்தாள். "நல்லா இருக்கட்டும், பதினாறும் பெத்து வாழட்டும்" என்று சொல்லிவிட்டு மூதாட்டி உண்ணத் தொடங்கினார்.

வாழ்த்துவது விருந்தினரின் உரிமை. மண்டபத்தில் உண்டவர்களில் எத்தனை பேர் இலைமுன் அமர்ந்து மணமக்களை நினைத்தார்கள் என்று நான் அறியேன். மண்டபத்துக்கு அழைக்கப்படாத, அந்த வாழ்த்தை உண்மையாகச் சொன்ன ஒரு விருந்தினரை நான் அன்று பார்த்தேன். மிச்சில் விருந்தாக மாறுவதற்கு அமுதசுரபி தேவையில்லை. காலமறிந்து சொல்லியனுப்புவதும், மூடிவைப்பதும், உட்காரவைத்துப் பரிமாறுவதும், யார் வீட்டுச் சோறு என்று சொல்வதும் போதும்.

கவிஞர் பெருமக்களே, பசியைப் பாடாத கவிஞர் நம்மில் இல்லை. நானும் நான்கைந்து கவிதைகள் எழுதி, கைதட்டலும் பெற்றிருக்கிறேன். அவற்றில் எல்லாம் பசித்தவர் கையேந்தியே நிற்கிறார், கண்ணீர் வடிக்கிறார், அவர் ஒருமுறைகூட எதையும் கேட்பதில்லை, யாரையும் வாழ்த்துவதில்லை. அந்த மூதாட்டியைப் பார்த்தபின் அக்கவிதைகளை நான் மேடையில் படிப்பதில்லை. உங்களுக்கு நான் அறிவுரை சொல்ல வரவில்லை. பசித்தவரைப் பாடும்போது அவர் வாயில் ஒரு கேள்வியையும் வையுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். 'எச்சில்' என்ற சொல்லை எழுதுமுன் அது எச்சமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டத்தின் இவ்விழாவிலும் நண்பகல் உணவு இருக்கிறது. நூற்றிருபது பேர் வருவதாகப் பெயர் கொடுத்திருந்தீர்கள். செயலாளரும் நானும் சமையற்காரரிடம் முன்னதாகவே பேசி, நூற்றறுபது பேருக்குச் சமைக்கச் சொன்னோம். கூடுதலான நாற்பது பேருக்குரிய உணவு, நீங்கள் இங்கே காலை அமர்வில் கவிதை கேட்டுக்கொண்டிருந்தபோதே, பதினொன்றரை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு அக்காப்பகத்துக்குப் புறப்பட்டுவிட்டது. எந்த விழா என்று அவர்கள் கேட்டால், ஒரு தமிழ் வட்டத்துக்குப் பத்து வயது நிறைகிறது என்று சொல்லச் சொல்லியிருக்கிறோம். இந்நேரம் அவர்கள் உண்டு முடித்திருப்பார்கள்.

ஆகவே அன்பர்களே, இன்று நாம் உண்ணப்போவது மிச்சில். வள்ளுவர் சொன்ன பொருளிலேயே மிச்சில். வாருங்கள், உண்போம்.